எத்தனை பேர் என்று கேட்காத புரோகிராம்

இங்கே பயிற்சிக்கு வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் அடுத்த வாரம் ஒரு ஹேக்கத்தானுக்குப் பெயர் கொடுத்திருப்பதாக நேற்று சாப்பாட்டு மேசையில் சொன்னீர்கள். "அக்கா, ஏதாவது டிப்ஸ் குடுங்க" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு டிபன் டப்பாவைக் கழுவப் போய்விட்டேன். சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் நான்கு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தும் அது மட்டும் மாறவில்லை. இந்த மாதக் கடைசியில் விருப்ப ஓய்வில் போகிறேன். அதற்குள் எழுதியாவது கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு கை நிற்கவில்லை. நான் போன முதல் போட்டியின் இரண்டு நாளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அப்போது ஹேக்கத்தான் என்ற பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. 'சாஃப்ட்வேர் போட்டி' என்று ஒரு நோட்டீஸ் வந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கம். நான் மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் படித்துக்கொண்டிருந்தேன். கீழே டயர் கடை. வெயில் ஏறினால் மாடி முழுக்க ரப்பர் வாசனை. அந்தச் சுவரில்தான் நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். மூன்று பேர் கொண்ட அணி, சனி ஞாயிறு இரண்டு நாள், எண்ணூர் போகும் வழியில் ஒரு கல்லூரியில். முதல் பரிசு பெறும் அணியில் இருக்கும் மூன்று பேரையும் நகரத்தில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும். அதற்குக் கீழே ஒரு வரி: 'பட்டம் அவசியமில்லை.'

அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். அதற்கு முன் நான்கு இடங்களில் விண்ணப்பம் கொடுத்திருந்தேன். நான்கிலும் டிகிரி என்ன என்று கேட்டார்கள். பிளஸ் டூ என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவும் அண்ணனும் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்கள். அம்மா இறால் கம்பெனியில் உரிக்கும் வேலை செய்தாள். ஐஸில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். கோர்ஸ் முடிந்ததும் என்னையும் அங்கே சேர்த்துக்கொள்ள மேஸ்திரியிடம் சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி நான் போக வேண்டும். அதற்குள் வேறு வழி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த நோட்டீஸ் வந்தது.

என் அணியில் இருந்த மற்ற இருவரைப் பற்றிச் சொல்கிறேன். பாபு வியாசர்பாடி. அப்பா ரயில்வேயில் கலாசி. இவன் மாலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கால்பந்து ஆடிக்கொண்டு, அதிலும் மிச்சமிருந்த நேரத்தில் சென்டருக்கு வருவான். வாய் ஓயாது. ஜெயந்தி எர்ணாவூர். பாலிடெக்னிக் கடைசி வருடம். அவள் தட்டும் வேகத்துக்குக் கீபோர்டு சத்தம் மழை மாதிரி கேட்கும். இவர்கள் இருவரும் ஏற்கனவே ஜோடி சேர்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆளாக என்னை ஏன் கேட்டார்கள் என்று எனக்கே புரியவில்லை. பாபுதான் காரணம் சொன்னான்.

"எந்தப் புரோகிராமையும் இவ கைல குடுத்தா அஞ்சு நிமிசத்துல அத்த அழ வெச்சுடுவா. நம்மளுது அங்க போயி அழுவுறதுக்கு இங்கயே அழட்டும்."

உங்கள் அணியிலும் அப்படி ஒரு ஆள் இருக்கட்டும். வேகமாக எழுதுகிற மூன்று பேர் சேர்ந்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் எழுதியதைச் சந்தேகப்பட அங்கே ஆள் இருக்காது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் தலைப்பைச் சொன்னார்கள்: உங்கள் பகுதி மக்களுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்யுங்கள். சனிக்கிழமை ஆறு மணி வரை, ஞாயிறு இரண்டு மணி வரை நேரம். மூன்று மணிக்குச் செய்து காட்ட வேண்டும். முப்பது அணிகளுக்கு மேல் இருந்தன. அந்தப் பெரிய கூடத்தில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒரே ஃபேன் சத்தம், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓட வேண்டும் போலவும் இருந்தது, அங்கேயே இருந்துவிட வேண்டும் போலவும் இருந்தது.

சுற்றிலும் எல்லாரும் நூலகம், ஆஸ்பத்திரி, சம்பளப் பட்டியல் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஜெயந்தியின் காதில் எங்கள் மீனவக் குப்பத்தில் நடந்த ஒன்றைச் சொன்னேன்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு நாள் திடீரென்று காற்று கிளம்பி, எங்கள் குப்பத்துப் படகுகளில் மூன்று திரும்பவில்லை. கடலுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று மீன்வளத்துறை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். படகு கிளம்பும்போது பெயர் எழுதுகிறவரின் நோட்டில் பெயர்கள் இருந்தன. அதில் இருந்த ஒருவர் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாகப் போன மச்சானின் பெயர் எதிலும் இல்லை. கிளம்புகிற நேரத்தில் ஆள் மாறுவது எங்கள் பக்கம் சாதாரணம். மறுநாள் மூன்று படகும் வடக்கே ஒதுங்கி எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு நாள் முழுக்க மச்சானின் மனைவி, நோட்டில் இல்லாத ஒருவரைத் தேடச் சொல்லி ஒவ்வொரு ஆளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இதான்," என்றாள் ஜெயந்தி. "யார் கடல்ல இருக்காங்கன்னு காட்டுற புரோகிராம். பாபு, ஆரம்பி."

பாபு அரை மணி நேரத்தில் முதல் திரையைப் போட்டுவிட்டான். நீல நிறம், மேலே ஒரு படகுப் படம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் முதல் கேள்வி: 'படகில் எத்தனை பேர் போகிறார்கள்?' எண்ணைப் போட்டால் அத்தனை கட்டங்கள் வரும். கட்டங்களில் பெயரை நிரப்ப வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி எண்ணிப் போட்டால் கணக்கு சரியா என்று சொல்லும்.

அந்தக் கேள்விதான் எனக்கு உறுத்தியது. எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகிறவர்களைப் போகும்போது எண்ணுவதில்லை. யாரும் யாரையும் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. எண்ணினால் அதில் ஒருவர் குறைந்துவிடுவார் என்று பயம். கரைக்கு வந்த பிறகு வேண்டுமானால் எண்ணிக்கொள்ளலாம். சின்ன வயதில் விளையாட்டாக எண்ணி நான் முதுகில் அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கூடத்தில், அடையாள அட்டை மாட்டியவர்களுக்கு நடுவில், 'எண்ணக்கூடாது' என்று எப்படிச் சொல்வது? சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் என்றால் எண்ணத்தானே செய்யும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வேலையில் நான் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். அவற்றில் பெரியது இதுதான். மூன்று பேரில் அந்தக் கடற்கரையைத் தெரிந்தவள் நான் ஒருத்தி. எனக்குத் தெரிந்ததை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்ததுபோல உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் புரோகிராம் ஓடியது. நன்றாகவே ஓடியது. பக்கத்து அணிக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பாபு நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான்.

"நாளைக்கு இன்னா வேல கீது நமக்கு? கலர மாத்திகினு குந்தலாம்."

அப்போது நான் ஒன்று கேட்டேன். தைரியத்தில் கேட்கவில்லை, உறுத்தல் தாங்காமல்தான் கேட்டேன். "எங்க ஊர்ல யாராவது ஒருத்தர்கிட்ட கேட்டுப் பார்க்கலாமா?"

பஸ் பிடித்து மூன்று பேரும் எங்கள் குப்பத்துக்குப் போனோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. மதியம் போன படகுகளில் இரண்டு திரும்ப வேண்டியிருந்தது. கரையில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ராணி சித்தியும் ஒருத்தி. எங்கள் பக்கத்து வீடு. மீன் விற்கிறவள். அவள் கத்தினால் சாலையில் போகிற லாரி நிற்கும் என்று கேலி செய்வோம். பாபு கையில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நேராக அவளிடம் போனான்.

"யக்கா, ஒரு கம்ப்யூட்டர் விசயமா வந்துகிறோம். உங்க வூட்டுக்காரர் போன படகுல எத்தினி பேரு போயிகிறாங்க?"

சித்தி கடலிலிருந்து கண்ணை எடுத்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாது?"

"இல்லக்கா, மொத்தம் எத்தினி தலன்னு..."

"யார்ரா நீ? போனவன் கரைல கால் வெக்கல, அதுக்குள்ள தலைய எண்ண நோட்டத் தூக்கினு வந்துகிற. எந்த ஏரியாடா உனுக்கு?"

"வியாசர்பாடிக்கா."

"பந்து ஆடப் போனவன எண்ணு போ, உங்க வியாசர்பாடில. இங்க வந்து இந்தப் பேச்சு பேசாத நைனா, ஆமா." பிறகு அவள் கண் என்மேல் விழுந்தது. "ஏ கலா. இவனுக்குத் தெரியாது, சரி. உனுக்குமா தெரியாது?"

நான் மணலைப் பார்த்தேன். பாபு என்னைப் பார்த்தான்.

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினேவா காலைலேர்ந்து சொம்மா குந்திகினு இருந்த?"

"நாம கேட்டோமா அவள?" என்றாள் ஜெயந்தி. "நீ ஆரம்பிச்சா வேற யாராவது வாயத் தொறக்க முடியுதா?"

அவர்கள் இன்னும் பேசியிருப்பார்கள். அதற்குள் முதல் படகு வந்துவிட்டது. அதை நான் சிறுமியாக இருந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்குத்தான் அந்த இரண்டு பேரோடு நின்று புதிதாகப் பார்த்தேன். படகு மணலில் ஏறியது. ஆட்கள் இறங்கினார்கள். யாருடைய ஆள் இறங்கினாரோ அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு சாலை மேட்டுக்கு ஏறிவிட்டாள். அப்படியே அடுத்தவள். தன் ஆள் வந்த பிறகு அங்கே நின்று பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. இன்னும் காத்திருக்கிறவளுக்கு எதிரில் நிற்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள். கடைசியில் மூன்று பேர் மிச்சம். இரண்டாவது படகு வந்தது. சித்தப்பா இறங்கினார். சித்தி அவரிடம் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மற்ற இருவரும் போனார்கள்.

கரையில் ஒருவரும் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான்.

"அவங்க எண்ணவே இல்ல," என்றாள் ஜெயந்தி மெதுவாக. "ஆனா எல்லாரும் வந்தாச்சுன்னு எனக்குக்கூடத் தெரியுது."

அப்போது எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. இதேதான் திரையிலும் வேண்டும் என்றேன். எத்தனை பேர் என்று கேட்க வேண்டாம். வீடுகளின் பெயரை மட்டும் போடலாம். யார் வீட்டு ஆள் கடலில் இருக்கிறாரோ அந்த வீடு திரையில் நிற்கட்டும். ஆள் மாறினாலும் அவரவர் வீடுதான் சொல்லப்போகிறது, நோட்டுக்காரர் இல்லை. வந்துவிட்டால் அந்த வீடு திரையிலிருந்து போய்விடட்டும். திரை காலியானால் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் சண்டை நடந்தது. பாபுவின் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஒரு நாள் உழைப்பு அது.

"ஓடிகினு இருக்கற வண்டிய நிறுத்தி இஞ்சினக் கயட்டச் சொல்றீங்க ரெண்டு பேரும். பேஜாரு புடிச்ச வேல இது. நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும்தான் டைமு."

"அந்தக்கா மொதல் கேள்விக்கே பதில் சொல்லல," என்றாள் ஜெயந்தி. "அவங்க ஏறாத வண்டி எங்க ஓடுது?"

வியாசர்பாடி பஸ் ஒன்று வந்து நின்று போனது. பாபு ஏறவில்லை. நோட்டுப் புத்தகத்தைச் சுருட்டித் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "சரி. ஆனா பாதி கயட்ற வேல வேணாம். காலைல போனதும் மொத்தமா தூக்கிக் கடாசிட்டு மொதல்லேர்ந்து போடலாம். ஒட்டுப் போட்டா நாறிடும்."

அவன் சொன்னதுதான் சரி. ஹேக்கத்தானில் உங்களுக்கு இந்த இடம் நிச்சயம் வரும். பாதி நேரம் போன பிறகு, செய்தது தப்பு என்று தெரியவரும். அப்போது எதையெல்லாம் காப்பாற்றலாம் என்று பார்க்காதீர்கள், என்ன ஒன்று இருந்தால் போதும் என்று பாருங்கள். நாங்கள் ஞாயிறு காலை முதல் பத்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரு தாளில் வேண்டாதவற்றை எழுதி அடித்தோம். பாஸ்வேர்டு, பிரிண்ட், படகின் படம், தேதி வாரியான பட்டியல் எல்லாம் போயின. ஒரே ஒரு திரை மிஞ்சியது. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வீட்டுப் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம்: நண்டு, குடை, மணி, கத்தரிக்காய். வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொன்னால்தான் பெயர் போகும். சொன்னவர் யார் என்று புரோகிராம் கேட்கும். வேறு எதுவும் கேட்காது.

பதினொன்றரைக்கு அது ஓடத் தொடங்கியது. நேற்றைவிடச் சின்னது, நேற்றைவிட வேகமானது. எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சோதித்தேன். திரையின் மூலையில் ஒரு சின்ன எண் தெரிந்தது.

"பாபு, இது என்ன?"

"மொத்தம். சின்னதா ஓரமாத்தான் கீது. ஜட்ஜு கேப்பாங்க கலா, கேக்காம வுட மாட்டாங்க."

"எடுத்துடு."

"பொடி எழுத்துதான..."

"எடுத்துடு பாபு." என் குரல் பக்கத்து மேசைவரை கேட்டிருக்கிறது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாபு எடுத்துவிட்டான்.

இரண்டு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நான் ஒவ்வொரு வீடாக நீக்கிக்கொண்டே வந்தேன். கடைசி வீட்டை நீக்கினேன். திரையில் பிழைச் செய்தி வந்து புரோகிராம் நின்றுவிட்டது. மறுபடி செய்தேன். மறுபடி நின்றது. ஒரு வீடாவது இருந்தால் ஓடுகிறது, ஒன்றுமில்லை என்றால் விழுகிறது. காலியாவதுதான் எங்கள் புரோகிராமின் உயிர், அது காலியானதும் செத்துப்போகிறது.

பாபு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "கேளு. காட்டும்போது ஒரு வூட்ட வுட்டுட்டு நிறுத்திக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்ல."

ஜெயந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த இருபது நிமிடத்தில் கை வைத்து இருப்பதையும் கெடுத்துவிட்டால் காட்ட ஒன்றுமே இருக்காது. ஆனால் ஒரு வீடு மிச்சமிருக்கும் திரையை ராணி சித்தி பார்த்தால் என்ன நினைப்பாள் என்று தோன்றியது. அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அப்படிக் காட்ட வேணாம்," என்றேன். "அது ஒருத்தர் வரலைன்னு சொல்றது."

ஜெயந்தி இருந்ததை முதலில் ஒரு ஃபிளாப்பியில் காப்பி எடுத்து என் கையில் கொடுத்தாள். "இத நீ புடிச்சுக்கோ. கெட்டுப்போனா இதுக்குத் திரும்பிடலாம்." பிறகு தட்ட ஆரம்பித்தாள். பாபு பின்னால் நின்று வரி வரியாகப் படித்தான். நான் ஃபிளாப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி வீடு போனது. திரை நீலமாக, சும்மா நின்றது. விழவில்லை. பாபு என் முதுகில் அடித்த அடியில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

மூன்று மணிக்குச் செய்து காட்டுவது தொடங்கியது. ஒவ்வொரு அணிக்கும் ஏழு நிமிடம். மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் அந்த நிறுவனத்துக்காரர். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். யாரையும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரி அணி துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்த மேடைக்கு வர வேண்டும் என்று காட்டியது. திரையில் கப்பல்களே நகர்ந்தன. கூடம் கை தட்டி ஓயவில்லை.

எங்களுக்காகப் பேச வேண்டியவன் பாபு. நன்றாகத்தான் பேசினான். வீடுகளை ஏற்றினான். படகுகள் வந்துவிட்டதாகச் சொல்லி ஒவ்வொரு வீடாக நீக்கினான். நண்டு போனது, குடை போனது. கடைசியில் கத்தரிக்காய் போனது. பெரிய திரையில் வெறும் நீலம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த நடுவர், "என்னப்பா, ஹேங் ஆயிடுச்சா?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது.

பாபு, மதியம் பார்த்த பிழை திரும்பிவிட்டது என்று நினைத்துவிட்டான். அவன் கை கம்ப்யூட்டரை அணைக்கும் பொத்தானை நோக்கிப் போவதைப் பார்த்தேன். அழுத்திவிட்டால் முடிந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"தொடாத."

மைக் பக்கத்தில் இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது. சிரிப்பு நின்றது. இப்போது எல்லா முகமும் என் பக்கம். கீழே பார்த்துக்கொண்டே பேசினேன்.

"ஹேங் ஆகல சார். இது வேலை செய்யுது. எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க, அதான் ஒண்ணுமில்ல."

நடுவில் இருந்தவர் முதல் முறையாக முன்னால் சாய்ந்தார். "மொத்தம் எத்தனை பேர் போனாங்கன்னு எங்கேயும் காட்டலையே?"

"போகும்போது நாங்க எண்ண மாட்டோம் சார். எண்ணச் சொன்னா எங்க ஊர்ல யாரும் பேரு குடுக்க மாட்டாங்க. வீட்டச் சொல்லச் சொன்னா சொல்லுவாங்க."

"ஒருத்தர் வரலைன்னா?"

"அந்த வீடு இதுலயே நிக்கும் சார். அந்த வீட்ல இருந்து வந்து சொல்ற வரைக்கும் நிக்கும்."

அவர் எதையோ எழுதினார். பிறகு கேட்டார்: "வெளியூர்லேர்ந்து வந்து படகுல வேலை செய்யறவங்க இருப்பாங்களே. அவங்களுக்கு இங்க வீடே இல்லையே. அவங்க எங்க நிப்பாங்க?"

இது எனக்குத் தெரியும் என்று நினைத்து வாயைத் திறந்தேன். சீசனில் நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நான் தினம் பார்க்கிறவர்கள். அவர்களை மறந்தே போயிருந்தோம்.

"அத நாங்க யோசிக்கல சார்," என்றேன்.

மணி அடித்துவிட்டார்கள். ஏழு நிமிடம் முடிந்தது.

முதல் பரிசு கப்பல் அணிக்குப் போனது. நியாயமான பரிசு, அவர்கள் வேலை சுத்தமாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது பரிசிலும் எங்கள் பெயர் இல்லை. பாபு வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்து ஜெயித்தவர்களைப் பாராட்டினான். ஜெயந்தி ஃபிளாப்பிகளைப் பைக்குள் வைத்தாள். நான் ஒன்றாம் தேதியை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாதி மனது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. வீடு இல்லாதவன் எங்கே நிற்பான்? அவனுக்காகக் கரையில் யார் நிற்பார்கள்?

கூட்டம் வெளியே போய்க்கொண்டிருந்தது. வாசலில் பிஸ்கட்டும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பெரிய தூக்குப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்றது. நான் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். நான் ஓடி அந்த இருவரும் அதுவரை பார்த்ததில்லை. என்னமோ ஏதோ என்று பின்னாலேயே வந்தார்கள். அந்த நிறுவனத்துக்காரர் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

ஹேக்கத்தானில் பரிசு அறிவித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். உங்கள் வேலையைப் பார்த்து நல்ல கேள்வி கேட்டவர் ஒருவர் அங்கே இருப்பார். வேலை கேட்க நான் ஓடவில்லை. பதில் கிடைத்துவிட்டது, அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை.

"சார்," என்றேன். மூச்சு வாங்கியது. "வெளியூர் ஆளுங்களுக்குச் சோறு கட்டிக் குடுக்கிற வீடு ஒண்ணு இருக்கும் சார். எல்லாருக்கும் இருக்கும். தூக்கு திரும்பி வரலைன்னா அவங்கதான் வந்து நிப்பாங்க. அந்த வீட்டுப் பேருல போடலாம்."

அவர் கார் கதவை மூடினார். சிரிக்கவில்லை.

"ஒரே வீட்லேர்ந்து ரெண்டு பேர் ரெண்டு படகுல போயிருக்காங்க. ஒருத்தர் வந்துட்டார். அப்ப என்ன பண்ணுவீங்க?"

இதற்கு நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "ரெண்டாவது ஆளும் வர்ற வரைக்கும் பேரு போகக்கூடாது சார். எங்கப்பா ஒரு படகு, அண்ணன் ஒரு படகு. அப்பா வந்துட்டாலும் எங்கம்மா கரையிலதான் நிப்பாங்க."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூ சார்."

நான்கு இடங்களில் இந்தப் பதிலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பின்பக்கத்தில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கார் கதவுக்குப் பக்கத்தில் நடந்ததுதான் என் நேர்முகத் தேர்வு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"திங்கட்கிழமை காலைல வர முடியுமா?"

தலையை ஆட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. பின்னால் இருந்து பாபுதான் பதில் சொன்னான்.

"எட்டு மணிக்கே வந்துடுவா சார். இவ பேச மாட்டா, அவ்ளோதான். ஆனா வந்துடுவா."

அவர் அட்டையை என் கையில் கொடுத்தார்.

"பேசினாங்களே," என்றார்.